புதன்கிழமை முகக்கவசம்

தொற்று வார்டில் நர்ஸாக இருந்த எங்களுக்கு ஆளுக்கு ஐந்து கெட்டி முகக்கவசங்களைக் கொடுத்து, இவ்வளவுதான், திருப்பித் திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். சோப்புப் போடக் கூடாது, சானிடைசர் தெளிக்கக் கூடாது. கழற்றியதைக் காகிதக் கவரில் போட்டு, மேலே கிழமையை எழுதி, நிழலில் தொங்கவிட வேண்டும். அடுத்த வாரம் அதே கிழமை வருவதற்குள் கிருமி தானாகச் செத்துவிடுமாம். செத்ததா என்று யார் பார்த்தது? திங்கள் என்று எழுதிய கவரைப் பிரிக்கும்போதெல்லாம் போன திங்கட்கிழமை என் முகத்துக்கு நேரே இருமியவர்கள் ஞாபகத்துக்கு வருவார்கள்.

வேங்கிக்காலில் எங்கள் வாடகை வீடு. மகளுக்கு எட்டு வயது, வீசிங். குளிர்காற்று பட்டாலே மூச்சு இழுக்கும். அவளுக்கு இந்த நோய் வந்தால் என்ன ஆகும் என்று தினமும் வார்டில் பார்த்துக்கொண்டிருந்தவள் நான். அதனால் மொட்டைமாடி அறைக்குப் போய்விட்டேன். முகக்கவசக் கவர்களையும் அங்கேயே தொங்கவிட்டிருந்தேன். வெளிப்படிக்கட்டு வழியாகவே வருவேன், போவேன். கீழே அவளும் என் கணவரும். அவருக்குக் கோயில் பக்கம் ஒரு லாட்ஜில் வேலை. கிரிவலத்தை நிறுத்தியதும் லாட்ஜையும் பூட்டிவிட்டார்கள். அவருக்குச் சும்மா உட்காரத் தெரியாது.

ஒரு நாள் காலை வார்டு வாசலில் முகக்கவசத்தை மாட்டினால் உள்ளே கமகமவென்று சாம்பிராணி. சாயங்காலம் கீழ்வாசலில் தள்ளி நின்று அவரைப் பிடிபிடியென்று பிடித்தேன்.

"பாப்பாவுக்கு கைக்குழந்தையில எத்தினி நாள் சாம்பிராணி போட்டிருக்கோம்? கிருமி போவும்னுதானே? மாஸ்க்குக்குப் போட்டா மட்டும் தப்பா?" என்றார். "அதுவும் நீ டூட்டிக்குப் போனப்புறம், மாடியிலதான் போட்டேன். பாப்பாவுக்கு இழுக்கக் கூடாதுன்னு."

"புகை பட்டா அந்த ஃபில்டர் என்ன ஆவும்னு எனக்கே தெரியாதுங்க. கவரப் பிரிச்சு வெறுங்கையால தொட்டீங்களா?"

"அப்புறம் கைய கழுவிட்டேனே."

இனிமேல் தொடுவதில்லை என்று பாப்பா மேல் சத்தியம் செய்தார்.

மறுவாரமே மறுபடியும் வாசனை வந்தது. பழைய வாசனைதான் போகவில்லை என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். காரணம் இருந்தது. என்னோடு வேலை செய்த ஒருத்திக்கு முதலில் வாசனை தெரியாமல் போனது, நாலாம் நாள் எங்கள் வார்டிலேயே படுக்கை. அதிலிருந்து நாங்கள் எல்லோரும் காபித்தூளையும் சோப்பையும் மோந்து பார்த்துக்கொண்டே இருந்தோம். எனக்கோ தினமும் காலையில் அந்தச் சாம்பிராணி வாசனை வந்தால் போதும், இன்றைக்குப் பிழைத்தேன் என்று உள்ளே போவேன். அந்தத் தைரியத்துக்காக வாயை மூடிக்கொண்டிருந்தேன். அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்தப் புதன்கிழமை கவரைப் பிரித்து மாட்டினேன். ஒன்றுமே வரவில்லை. இழுத்து இழுத்துப் பார்த்தேன். மனுஷன் ஒருவழியாகச் சொன்னதைக் கேட்டிருக்கிறார் என்று சொல்லிக்கொண்டு டூட்டி பார்த்தேன். அன்று யாருக்கு என்ன மருந்து போட்டேன் என்பதை மூன்று முறை சரிபார்க்க வேண்டியிருந்தது.

சாயங்காலம் வழக்கம்போலத் தள்ளி நின்று கேட்டேன். "என்னங்க, புதன்கிழமை மாஸ்க்குக்கு சாம்பிராணி போட்டீங்களா?"

"இல்லயே. நீதான் வேணாம்னு சொல்லிட்டியே."

உயிர் வந்தது. சிரித்துவிட்டேன். நான் சிரித்ததைப் பார்த்து, கோபமில்லை என்று அவருக்கும் தைரியம் வந்துவிட்டது.

"பொய் சொன்னேன்மா. நேத்து ரெண்டு தடவ போட்டேன். எப்பவும்விட ஜாஸ்தி."

மூக்கைத் தொட்டுக் காட்டி, தலையை ஆட்டினேன். அவருக்குப் புரிந்துவிட்டது. படிக்கட்டுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்த கப் சாம்பிராணிப் பெட்டியை எடுத்தார். வாசற்படியில் உட்கார்ந்து ஒன்றைக் கொளுத்தினார். நன்றாகவே புகைந்தது. எனக்கு வாசனை வரவில்லை. அவர் குனிந்து மோந்தார். கண்ணில் நீர் வரும்வரை மோந்தார்.

"எனக்கும் தெரியலயே" என்றார்.

அவர் இத்தனை நாளும் இரவில் பாப்பாவின் பக்கத்தில்தான் படுத்தார். அவளுக்குச் சோறு பிசைந்து ஊட்டியதும் அந்தக் கைதான். படியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

உள்ளே இருந்து அவள் குரல் வந்தது. "அப்பா, எதுக்கு அத இங்க கொளுத்தறீங்க? வாசன உள்ள வருது. எனக்கு இழுக்கும்ல?"

"வாசன வருதா பாப்பா?" என்று கேட்டேன்.

"நல்லா வருதும்மா. மூக்குல ஏறுது."

வாசனை தெரிவதால் மட்டும் ஒருவருக்கு நோயில்லை என்று ஆகிவிடாது. அது மற்றவர்களைவிட எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன்.

அவர் சாம்பிராணியை மிதித்து அணைத்தார். கதவை வெளியிலிருந்து இழுத்துச் சாத்திவிட்டு என் பக்கமாக வந்து நின்றார்.