சாருமதிக்குப் பின்னால் பத்தடி

செல்வராணியைப் பயம் பிடித்தது ஐம்பத்திரண்டாவது வயதில்தான். அதற்கு முன் பதினெட்டு வருடம் மலேசியாவின் குளுவாங்கிலிருந்து தினமும் பஸ் ஏறி, செனாயில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவள். இரவு வேலைக்கோ, கத்துகிற மேலாளருக்கோ அவள் அசைந்ததில்லை. ஆட்குறைப்பில் வேலை போனதும், ஊரிலேயே சாந்தினி டீச்சர் நடத்தும் சிறு நிலையத்தில் உதவியாளராகச் சேர்ந்தாள்.

கடை வரிசையின் கடைசிக் கட்டடத்தில், கீழ்த்தளத்தில் இருந்தது அந்த நிலையம். ஆரம்பப் பள்ளி வகுப்பில் உட்கார முடியாத பிள்ளைகள் ஆறேழு பேர் அங்கே வந்தார்கள். நாற்காலியைத் தூக்கி எறிந்தவன், ஒரு வருடமாக யாரிடமும் பேசாதவள், தொட்டால் கடிப்பவன். சில மாதம் இங்கே இருந்து மனம் தணிந்த பிறகு மெல்லப் பள்ளிக்குத் திரும்ப வேண்டும் என்பது ஏற்பாடு.

எட்டு வயது சாருமதி ஓடிவிடுவாள். அதற்காகவே பள்ளி அவளை இங்கே அனுப்பியிருந்தது. அவள் அம்மாவுக்கு வேலை முறை மாறி மாறி வரும். பிள்ளையைப் பார்த்துக்கொண்ட பெண் கடைக்குப் போகும்போதெல்லாம் அவளைச் சாமான் அறையில் வைத்துப் பூட்டியிருக்கிறாள். அம்மாவுக்கு விஷயம் தெரிய வர ஏறக்குறைய ஒரு வருடம் ஆனது. அதனால் சாருமதி தினமும் காலையில் வந்ததும், முதுகுப் பையைக்கூட இறக்காமல், ஒவ்வொரு கதவாகப் போய்த் திறந்து பார்ப்பாள். முன்கதவு, கழிவறை, சமையலறை, பின்கதவு. எல்லாம் திறந்தால்தான் வந்து உட்காருவாள்.

கதவைச் சாத்தலாம், பூட்டக் கூடாது என்பது நிலையத்தின் விதி. பிள்ளை வெளியே ஓடினால் பத்தடி பின்னால் போக வேண்டும். கூப்பிடக் கூடாது, துரத்தக் கூடாது. சாலையில் கால் வைக்கப் போனால் பாய்ந்து பிடிக்கலாம். அதனால் பத்தடிக்கு மேல் விலகவும் கூடாது.

"துரத்துனா அவ கண்ணுக்கு நாம தெரிய மாட்டோம்க்கா. பூட்டி வச்ச பொம்பளதான் தெரிவா," என்று முதல் வாரமே சொல்லியிருந்தாள் சாந்தினி.

ஆனால் சாருமதி முதல் தடவை ஓடியபோது செல்வராணிக்கு எல்லாம் மறந்துபோயிற்று. "சாரு, நில்லு" என்று கத்தினாள். பிள்ளை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். அடுத்த நொடி பின்பக்கச் சந்து வழியே பெரிய சாலைக்குள் பாய்ந்தாள். மோட்டார் சைக்கிளில் வந்தவர் ஒடித்துத் திருப்பி விழுந்தார். அவருக்கு முட்டி தேய்ந்தது. சாருமதிக்கு ஒன்றுமில்லை.

செல்வராணியின் கணவர் தங்கராஜு தோட்டங்களிலிருந்து செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவர். சோற்றைப் பிசைந்துகொண்டே நடந்ததைக் கேட்டுவிட்டு, நிமிராமலே சொன்னார்: "பாரம் ஏத்துன லோரி பிரேக் போட்ட இடத்துல நிக்காது ராணி. அந்தச் சந்துலேர்ந்து சின்னப் புள்ள வந்தா எங்க கண்ணுக்கே தெரியாது."

"அப்ப நான் என்னதான் செய்றது?"

"பின்கதவுல ஒரு பூட்டப் போடு. முடிஞ்சிச்சுலா. யாரு பாக்கப் போறா?"

அன்றிலிருந்து சாருமதி கதவுகளைப் பார்த்து முடிக்கும்வரை செல்வராணி காத்திருப்பாள். பிள்ளை வந்து உட்கார்ந்து வண்ணப் பென்சிலைக் கையில் எடுத்ததும், குப்பை போடப் போகிறவள்போல் பின்பக்கம் போய், இரும்புக் கதவில் சத்தமில்லாமல் பூட்டைப் போடுவாள். சாவி சட்டைப் பையில். மத்தியானம் பிள்ளைகள் போவதற்கு முன் கழற்றிவிடுவாள். இப்படி ஒன்பது நாள் நடந்தது. சாந்தினிக்கும் தெரியாது. ஒவ்வொரு நாளும், கேட்டால் என்ன சொல்வது என்று பயந்தாள். சொல்லிவிட்டுக் கழற்றலாம் என்று நினைத்தால் லோரி நினைவுக்கு வந்தது.

பத்தாவது நாள், ரூபேந்திரன் என்ற பையன் கோபத்தில் தட்டு அலமாரியைச் சாய்த்துவிட்டான். எவர்சில்வர் தட்டுகள் சிதறிய சத்தத்தில் சாருமதி எழுந்து பின்பக்கம் ஓடினாள். சாந்தினி ரூபேந்திரனை அணைத்துப் பிடித்திருந்தாள்.

"அக்கா, அவ பின்னால போங்க," என்றாள்.

செல்வராணி போனபோது சாருமதி இரும்புக் கதவின் கம்பியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். அழவில்லை, கத்தவில்லை. கதவு அசையாது என்று தெரிந்ததும் நெற்றியால் இடிக்க ஆரம்பித்தாள். ஒன்று. இன்னொன்று. மூன்றாவதில் நெற்றித் தோல் கிழிந்தது. காலோடு சிறுநீர் இறங்கித் தரையில் பரவியது.

செல்வராணி சாவியை எடுத்தாள். திறந்தால் சாலை. திறக்காவிட்டால் இந்த நெற்றி. ஒரு கையைக் கம்பிக்கும் பிள்ளையின் நெற்றிக்கும் நடுவில் கொடுத்துக்கொண்டே, மறு கையால் பூட்டைத் திறந்தாள்.

சாருமதி பாய்ந்து போனாள்.

பத்தடி. செல்வராணி பல்லைக் கடித்துக்கொண்டு, ஓடாமல், வேகமாக நடந்தாள். சந்து முடிகிற இடத்தில் ஒரு லோரியின் உறுமல் கேட்டது. பெயர் தொண்டைவரை வந்துவிட்டது. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சாருமதி சாலை ஓரத்தில், கால்வாய்த் திட்டில் நின்றுவிட்டாள். லோரி கடந்துபோனது. அதன் காற்றில் பிள்ளையின் பாவாடை படபடத்தது. செல்வராணி இருந்த இடத்திலேயே உட்கார்ந்தாள்.

வெகுநேரம் கழித்து, திரும்பாமலே சாருமதி கேட்டாள்: "யாரு பூட்டுனா?"

அந்தச் சாமான் அறையைத் தானே பூட்டியதுபோல் இருந்தது செல்வராணிக்கு. பொய் நாக்கு நுனியில் இருந்தது. பக்கத்துக் கடைக்காரர், காற்று, எதையாவது.

"நான்தான்மா."

"நான் காலையில பாத்தேன். திறந்துச்சு."

"நீ பாத்ததுக்கு அப்புறம் பூட்டுனேன்."

"இன்னிக்கு மட்டுமா?"

"இல்ல. பத்து நாளா."

சாருமதி திட்டிலிருந்து ஓர் அடி சாலைப் பக்கம் நகர்ந்தாள். செல்வராணியின் உடம்பு பாயத் தயாரானது. இன்னும் ஓர் அடி போனால் பிடித்துவிடுவாள்; பிடித்தால் இந்தப் பிள்ளை இனி எந்தக் கதவுக்குள்ளும் வராது.

"ஏன் ஆன்டி?"

"நீ லோரியில அடிபட்டுருவேன்னு எனக்குப் பயம். அதான். தப்புதான்."

"டீச்சருக்குத் தெரியுமா?"

"தெரியாது."

சாருமதி இப்போதுதான் திரும்பினாள். நெற்றியில் ரத்தம் உறைந்து கறுத்திருந்தது. "நீங்க சொல்றீங்களா, நான் சொல்லவா?"

"நான் சொல்றேன்."

"அப்ப நீங்க முன்னாடி போங்க. பின்னால வராதீங்க. திரும்பிப் பாக்கக் கூடாது."

செல்வராணி எழுந்தாள். பெரிய சாலைக்கு முதுகைக் காட்டி நடப்பதுபோல் ஒரு கொடுமை அவளுக்கு அதுவரை நேர்ந்ததில்லை. பின்னால் வண்டிகள் போயின. அவற்றின் இரைச்சலுக்கு நடுவில் ஒரு சின்னச் செருப்புச் சத்தத்தைத் தேடினாள். கேட்டது. பிறகு நின்றது. அவளும் நின்றாள். கழுத்து தானாகத் திரும்பத் துடித்தது. சட்டை விளிம்பைக் கசக்கிப் பிடித்துக்கொண்டாள். இன்னொரு லோரி போயிற்று.

"நடங்க," என்றது பின்னாலிருந்து குரல்.

நடந்தாள். பின்வாசலில் சாந்தினி மருந்துப் பெட்டியோடு காத்திருந்தாள். தொங்கும் பூட்டை அவள் பார்த்துவிட்டிருந்தாள்.

"டீச்சர்," என்று முனகலாக ஆரம்பித்தாள் செல்வராணி.

"சத்தமா சொல்லுங்க ஆன்டி," என்றாள் சாருமதி, எட்டு அடி பின்னால் நின்று.