நான்கால் வகுக்காத வெங்காயம்

உயிரியல் டீச்சருக்குப் பிள்ளைகள் வைத்த பட்டப்பெயர் மில்லிமீட்டர். அது அவர் காதுக்கும் எட்டியிருந்தது, ஆனால் கோபம் வரவில்லை. கணவரும் வீட்டில் கிட்டத்தட்ட அதையேதான் சொல்வார்: "உன் கையில எறும்பக் குடுத்தா, அளந்து பாத்துட்டுத்தான் கீழ விடுவே."

அந்த மனிதர் ஒரு காலையில் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே கட்டிலில் சாய்ந்தார். போய்விட்டார். வந்தவர்கள் எல்லாம் அழுதார்கள். டீச்சர் அவர்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். கல்லு மாதிரி இருக்காளே என்று காதுபடவே பேசினார்கள். கல்லாகவே இருந்தாலும் காது கேட்காதா என்ன? கேட்டது. ஆனால் உள்ளே ஒன்றும் அசையவில்லை.

விடுப்பு முடியும் முன்பே பள்ளியில் வந்து நின்றார். வீட்டில் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான். வாசலில் கணவரின் செருப்பு, கதவுக்குப் பின்னால் அவர் சட்டை, குளியலறையில் இரண்டு பல் பிரஷ்.

"வாங்க, வேணாங்கல," என்றார் தலைமையாசிரியை, வராந்தாவில் பிள்ளைகள் காதில் விழும்படியே. "ஆனா செய்முறைத் தேர்வு பக்கத்துல வந்துடுச்சு. பாடத்துல தடுமாறினீங்கன்னா வீட்டுக்கு அனுப்பிடுவேன். அப்புறம் அடுத்த வருஷம்தான்." நல்ல மனசோடுதான் சொன்னார். டீச்சருக்கு மரத்துப்போகாமல் மிச்சமிருந்தது அந்தப் பயம் ஒன்றுதான்.

அன்று வெங்காயச் செல்லை அளக்கும் வகுப்பு. டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு நடத்தக்கூடிய பாடம். மைக்ராஸ்கோப்பின் சின்ன லென்சுக்குக் கீழே பிளாஸ்டிக் ஸ்கேலை வைத்து, கண்ணுக்குத் தெரியும் வட்டத்தின் அகலத்தைப் பார்க்க வேண்டும். ஒன்று புள்ளி ஆறு மில்லிமீட்டர். பெரிய லென்சுக்கு மாறினால் வட்டம் நான்கில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். அதனால் அகலத்தை நான்கால் வகுத்துக்கொண்டு, பிறகு வட்டத்துக்குள் எத்தனை செல் நீளவாக்கில் நிற்கிறது என்று எண்ண வேண்டும்.

வருஷா வருஷம் யாராவது ஒருவன் வகுக்க மறப்பான். டீச்சரும் வருஷா வருஷம் அதே கேலியைச் செய்வார்: "இவ்ளோ பெரிய செல்லுக்கு மைக்ராஸ்கோப் எதுக்குடா? மூக்குக்கண்ணாடியே போதுமே." வகுப்பே சிரிக்கும்.

இந்த வருஷம் யாரும் சிரிக்கவில்லை. டீச்சர் ஒவ்வொரு மேஜையாகப் போனார். "ரெண்டு செல் நிக்குது டீச்சர். பாயிண்ட் எட்டு," என்றார்கள். "சரி," என்றார். அடுத்த மேஜையிலும் பாயிண்ட் எட்டு, அதற்கும் சரி. எதற்கெடுத்தாலும் வாதாடுவதால் வக்கீல் என்று பெயரெடுத்த பெண்கூட வாயைத் திறக்கவில்லை.

அப்போதுதான் தலைமையாசிரியை உள்ளே வந்தார். நேராக வக்கீலிடம் போய், "செல்லு எவ்வளவு நீளம் வந்துச்சு?" என்று கேட்டார்.

வக்கீல் எழுந்து நின்றாள். "பாயிண்ட் ரெண்டு, மேடம்."

"எல்லாருக்கும் அப்படித்தானா?"

"ஆமா மேடம்," என்றது வகுப்பு ஒரே குரலில்.

தலைமையாசிரியை திருப்தியோடு வெளியே போனார். டீச்சர் கையில் சாக்பீஸோடு நின்றார். பாயிண்ட் ரெண்டா? மனசுக்குள் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தார். நான்கால் வகுக்கச் சொல்லவே இல்லை. வாழ்நாளெல்லாம் கேலி செய்த தப்பை அவரே செய்திருக்கிறார்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?" என்றார் மெல்ல.

வக்கீல் தலையைக் குனிந்துகொண்டாள். "நீங்க வகுக்காம லென்ஸ மாத்தினப்பவே தெரியும் டீச்சர். சொன்னா மேடம் காதுக்குப் போயிடும். உங்கள வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

டீச்சர் பலகைக்குத் திரும்பி, வகுக்க வேண்டிய நாலைப் பெரிதாக எழுதினார். அதன் கீழே கோடு போட்டார். "இவ்ளோ பெரிய செல்லுக்கு மைக்ராஸ்கோப் எதுக்கு?" என்று ஆரம்பித்தார். மூக்குக்கண்ணாடிக்கு வரும்போது குரல் வரவில்லை. யாரோ ஒரு பையன் மீதியை முணுமுணுத்து முடித்து வைத்தான்.

மணி அடித்ததும் நேராகத் தலைமையாசிரியை அறைக்குப் போனார்.

"பிள்ளைங்க உங்ககிட்ட சொன்னது அவங்களாப் போட்ட கணக்கு, மேடம். நான் தப்பா சொல்லிக் குடுத்தேன்."

தலைமையாசிரியை பேனாவைக் கீழே வைத்தார்.

"நாளைக்குக் காலைல மொதல் வேலையா வந்து அவங்க நோட்டையெல்லாம் திருத்திக் குடுத்துடறேன். இப்ப என்னைய அனுப்பிடுங்க," என்றார் டீச்சர். "வீட்டுக்குப் போய் அழணும்."