சுவிட்ச் இருக்க வேண்டிய இடம்

அண்ணி பரணில் குடியேறிவிட்டார் என்பதுதான் எனக்கு வந்த செய்தி. பெரியம்மா மகள் சொன்னாள். அவளுக்கு வேறு யாரோ சொன்னார்களாம். அண்ணனோடு பேச்சில்லை, ஏணியை மேலே இழுத்துக்கொள்கிறார் என்று ஒவ்வொரு வாயிலும் ஒரு பிடி கூடியிருந்தது. கடல் தாண்டி இருப்பவனுக்கு இது போதாதா? அங்கே விடியட்டும் என்று காத்திருந்து போன் போட்டேன்.

"குடியேறல தம்பி, லைட்டு போடப் போறேன்" என்றார் அண்ணி.

அண்ணிக்கு நாற்பத்தாறு வயது. மருத்துவமனையின் பதிவேட்டு அறையில் பத்தொன்பது வருடமாக எழுத்தர். எந்த நோயாளியின் கோப்பு எந்தத் தட்டில் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். அந்த அறையின் பொறுப்பாளர் நாற்காலியில் இதுவரை மூன்று பேர் வந்து உட்கார்ந்து, அண்ணியிடமே வேலை கற்றுக்கொண்டு மாற்றலாகிப் போயிருக்கிறார்கள். அந்த நாற்காலிக்குத் துறைத் தேர்வு எழுத வேண்டும். போன முறை நான்கு மதிப்பெண்ணில் நழுவியது. இந்த வருடத்தோடு வயது வரம்பு முடிகிறது.

வீட்டிலோ இரண்டே அறை. ஒன்றில் அண்ணனும் தொலைக்காட்சியும். இன்னொன்றில் பிள்ளைகள் இருவரும் அவர்கள் சண்டையும். மிஞ்சியது, ஓட்டுக்கூரைக்குக் கீழே பலகை பாவிய பரண்தான். நிமிர்ந்து உட்காரலாம், நிற்க முடியாது. பழைய மெத்தைக்கும் என் கல்லூரிப் புத்தகங்களுக்கும் நடுவே, ஒரே ஒரு கண்ணாடி ஓட்டின் வழியாக உள்ளங்கை அளவு வெளிச்சம் விழும்.

எலக்ட்ரீஷியன் மூன்று முறை "இதோ கிளம்பிட்டேன்" என்று சொல்லிவிட்டு மூன்று முறையும் வரவில்லை. நாலாவது முறை அண்ணி அவரைக் கூப்பிடவில்லை. கடைக்குப் போய் வயர், ஹோல்டர், சுவிட்ச், டெஸ்டர் எல்லாம் கேட்டார். யாருக்கு என்று கேட்ட கடைக்காரர், "எனக்குத்தான்" என்ற பதிலைக் கேட்டதும், எந்தக் கம்பி எங்கே போக வேண்டும் என்று அட்டைப்பெட்டி மூடியில் படம் போட்டுக் கொடுத்தாராம்.

வீட்டைக் கொளுத்தாமல் விடமாட்டாள் என்று அண்ணன் என்னிடம் புலம்பினார். நான் அவரைவிடப் பயந்தவன். உதவுகிறேன் பேர்வழி என்று, நான் இருக்கும் ஊர் வழக்கத்தை நினைத்துக்கொண்டு, கறுப்புக் கம்பியில்தான் மின்சாரம் வரும், அதைத் தொடாதீர்கள் என்று எழுதி அனுப்பினேன்.

முதல் ஞாயிற்றுக்கிழமை அண்ணி மெயினை அணைத்து, பீஸ் கட்டையை உருவித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டார். தொலைக்காட்சி செத்தது, வீடு கொந்தளித்தது, பை அவர் தோளிலேயே இருந்தது. அண்ணன் அறைச் சுவரின் உச்சியில் கம்பிகள் வந்து சேரும் பெட்டியைத் திறந்துவைத்து, அவற்றைச் சோதிக்க மட்டும் பீஸைத் திரும்பச் செருகி மெயினைப் போட்டார். நான் எச்சரித்த கறுப்பில் டெஸ்டர் எரியவே இல்லை. சிவப்பில் பளிச்சென்று எரிந்தது. மறுபடி பீஸை உருவிவிட்டுத்தான் எனக்குப் போன் செய்தார்.

"உங்க ஊர் கறுப்பு வேற, எங்க ஊர் கறுப்பு வேற போலிருக்கு. இனிமே யோசனை சொல்றதுன்னா டெஸ்டரைக் கேட்டுட்டுச் சொல்லுங்க தம்பி."

இரண்டாம் ஞாயிறு விளக்கு எரிந்தது. படம் அனுப்பினார். ஒட்டடை, பல்பு, பாதி மறைக்கும் கட்டைவிரல். ஏறும்போதே போட்டுக்கொள்ளலாம் என்று சுவிட்சை ஏணிக்கு அடியில் வைத்திருந்தார்.

அதுதான் பிசகு. அண்ணனுக்கு டீ வேண்டுமானால் தொண்டையைச் செலவழிக்க வேண்டியதில்லை, சுவிட்சைத் தட்டினால் போதும் என்று ஆயிற்று. மேலே இருட்டினால் அண்ணி இறங்கி வந்துதானே ஆக வேண்டும்? மகனுக்குக் காலுறை காணோம், ஒரு தட்டு. மகளுக்குச் சீப்பு காணோம், இன்னொரு தட்டு. ஒரே அத்தியாயத்தை ஒரு மாலையில் ஐந்து முறை தொடங்கினேன் என்றார் அண்ணி. தேர்வுக்கு மூன்று வாரம் இருந்தது.

அடுத்த ஞாயிறு பீஸ் கட்டை மீண்டும் கைப்பைக்குள் போனது. சுவிட்சைக் கழற்றி, வயரை நீட்டி, பரணில் தான் உட்காரும் இடத்தருகே உத்தரத்தில் கையெட்டும் உயரத்தில் திருகினார். ஏறும்போது மட்டும் சின்ன டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொள்வாராம்.

"அப்ப உன்னை எப்படித்தான் கூப்பிடுறது?" என்று கேட்டாராம் அண்ணன்.

"போன் பண்ணுங்க."

நாளைக் காலை தேர்வு. நன்றாக எழுதுங்கள் என்று சொல்லத்தான் கூப்பிட்டேன். அங்கே மாலை ஆறு மணி. அண்ணி எடுக்கவில்லை. எனக்கு உடனே ஈரக்கை, அறுந்த வயர், என்னென்னவோ தோன்றியது. அண்ணனுக்குப் போட்டேன்.

"நானும் மூணு தடவை அடிச்சுட்டேன்டா. மேல மணி அடிக்கிறது எனக்கே கேக்குது. லைட்டு எரியுது, பக்கம் புரட்டுற சத்தம்கூட வருது. எடுக்க மாட்டேங்குறா."

உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். டீ என்றார். அடுப்பு கீழேதானே இருக்கிறது என்று சொல்லிவிட்டு, மனம் கேட்காமல் அண்ணிக்கு இன்னொரு முறை போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருக்கிறது.