கடிகாரத்தின் வலது கை

என் வீட்டுக்காரரைக் கடிகாரம் என்று முதலில் கூப்பிட்டவர் அவருடைய பேண்ட் மாஸ்டர். தபால் ஊழியர்கள் சேர்ந்து நடத்தும், அணிவகுத்து நடந்தபடியே வாசிக்கும் பேண்ட் அது. இவர் பகலில் கடிதங்களுக்கு முத்திரை குத்துவார், சாயங்காலம் அதே கையால் சின்ன டிரம் வாசிப்பார். மாஸ்டரிடம் தாளம் காட்டும் பெட்டி ஒன்று உண்டு. சாவி கொடுத்தால் ஒரு குச்சி அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஆடி டக் டக் என்று அடிக்கும். ஒருநாள் அது ஒரு வழியில் போக, இவர் ஒரு வழியில் போனாராம். எல்லாரும் இவரைத் திரும்பிப் பார்த்தார்கள். மாஸ்டர் பெட்டியைத் தூக்கிக் காதில் வைத்துப் பார்த்துவிட்டு, "இதை ரிப்பேருக்குக் கொடுங்கப்பா. கடிகாரம் இங்க உக்காந்திருக்கு" என்றாராம். அன்றைக்கு ஒட்டிய பெயர். வீட்டு வாசலில் வந்து, "கடிகாரம் இருக்காரா?" என்றுதான் கேட்பார்கள்.

அவர் முத்திரை குத்துவதை நானே போய்ப் பார்த்திருக்கிறேன். மைப்பெட்டியில் ஒரு தட்டு, கடிதத்தில் ஒரு தட்டு. இடது கை தள்ளும், வலது கை குத்தும். வரிசையில் நிற்கிறவர்கள் தங்களுக்கே தெரியாமல் காலை ஆட்டிக்கொண்டு நிற்பார்கள். வீட்டிலும் அந்தக் கை சும்மா இருக்காது. நான் தையல் மிஷினை மிதித்தால் மேஜையில் விரலால் கூடச் சேர்ந்துகொள்ளும்.

"வளைவு வந்ததும் மிதி தடுமாறுது பாரு. பயப்படுற நீ" என்பார்.

"இது சட்டைக் கழுத்துங்க. உங்க டிரம் மாதிரி நேரா அடிச்சுட்டுப் போக முடியுமா?" என்பேன்.

அந்தக் கைதான் போயிற்று. காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்தவர் கையிலிருந்து பிரஷ் கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தவர் எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரி, ஊசி, மாத்திரை எல்லாம் ஆனபிறகு கால் ஓரளவு வந்தது, இழுத்து இழுத்து நடந்தார். வாயில் துணி வைத்த மாதிரி இருந்த பேச்சும் மெல்ல மெல்லத் தெளிந்தது. வலது கை மட்டும் வரவில்லை. விரல் மடங்கும், விரியும். தம்ளரைப் பிடிக்கும், நான் அடியில் கை கொடுத்தால்.

மாஸ்டர் பார்க்க வந்தார். டிரம் எங்கள் வீட்டு மூலையில், பழைய போர்வையைப் போர்த்திக்கொண்டு இருந்தது. அது ஆபீஸ் சொத்து. கடிதம் பிரிக்கிற இடத்தில் வேலை பார்க்கும் ஒருவர் வாசிக்கத் தயாராக இருக்கிறார் என்று எங்கள் இரண்டு பேருக்கும் முன்பே தெரியும். மாஸ்டர் அதைச் சொல்லவில்லை. நல்ல மனுஷர்.

"உருட்டி அடிக்கிற வேலை எல்லாம் வேற ஆள் பார்த்துக்கட்டும். நீ கால் நோட்டு மட்டும் வாசி. அது போதும் எனக்கு" என்றார்.

கால் நோட்டு என்றால் எனக்கும் தெரியும், இத்தனை வருஷம் கூட இருந்ததில். நாலு அடி சேர்ந்தது ஒரு முழு நோட்டு. அதை நாலாகப் பிரித்தால் ஒரு பங்கு கால் நோட்டு. அதாவது, நடக்கிறவன் ஒரு அடி எடுத்து வைத்தால் டிரம்மில் ஒரு தட்டு. பேண்டில் சேர்கிறவர்கள் கற்றுக்கொள்ளும் முதல் பாடமே அதுதான்.

"மாசக் கடைசில வர்றேன். ஒரே ஒரு நடைப்பாட்டு என் கூட வாசி. டிரம் இங்கயே இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இவர் போர்வையையே பார்த்துக்கொண்டிருந்தார். "கால் நோட்டு" என்றார், தனக்குத்தானே. அன்றைக்குச் சாப்பாடு நன்றாகச் சாப்பிட்டார்.

கைக்குப் பயிற்சி சொல்லிக் கொடுக்கும் ஆஸ்பத்திரிப் பெண், விரலால் தட்டுகிற விளையாட்டு ஏதாவது விளையாடச் சொன்னாள். அதற்கு என் தம்பி மகள்தான் சரியான ஆள். போன் ரிப்பேர் கடையில் வேலை பார்க்கிறாள், இந்தத் தாள விளையாட்டு என்றால் சோறு தண்ணி வேண்டாம் அவளுக்கு. விளையாடுவது மட்டுமில்லை, பாட்டைப் போட்டுக் கேட்டு, எங்கே தட்ட வேண்டும் என்று அவளே புள்ளி வைப்பாள். மாமாவுக்காக அவருடைய பேண்ட் வாசித்த நடைப்பாட்டையே எங்கிருந்தோ வாங்கி, உட்கார்ந்து புள்ளி வைத்து, ஒரு பெரிய டேப்லெட்டில் ஏற்றிக்கொண்டு வந்தாள்.

திரையில் மேலிருந்து உருண்டைகள் விழும். கீழே ஒரு கோடு. உருண்டை கோட்டைத் தொடும்போது விரலால் தட்ட வேண்டும். சரியாகத் தட்டினால் பச்சை, முன்னே பின்னே தட்டினால் மஞ்சள், விட்டுவிட்டால் சிவப்பு. ஆரம்பிக்கும் முன் சில கட்டங்கள் வரும். ஒன்றில் ஒன்று, இரண்டில் ஒன்று, மூன்றில் ஒன்று, நாலில் ஒன்று என்று எண் போட்டிருக்கும்.

"எது வேணும் மாமா?"

"நாலுல ஒண்ணு" என்றார், சட்டென்று.

அவள் புருவத்தைத் தூக்கினாள். "எடுத்த எடுப்புலயேவா?"

"எல்லாரும் இதுலதானே ஆரம்பிப்பாங்க."

"அடேங்கப்பா. மாமாவுக்குக் கொழுப்பு இன்னும் குறையல அத்தை" என்று சிரித்தாள். அதற்குள் கடையிலிருந்து போன் வந்துவிட்டது. எப்படித் தொடங்குவது என்று எனக்கு மட்டும் காட்டிக் கொடுத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லி ஓடினாள். அந்த ஞாயிறு வரவில்லை. கடையில் ஆள் குறைவு என்றாள். அடுத்த ஞாயிறும் அப்படித்தான்.

தினமும் காலையில் நான் கும்பிட்டு முடித்ததும் அவர் முன்னால் டேப்லெட்டைச் சாய்த்து வைப்பேன். நாலாவது கட்டத்தைத் தொடுவேன். பாட்டு ஆரம்பிக்கும். உருண்டைகள் கொட்டும், மூட்டையிலிருந்து பயறு சரிகிற மாதிரி. அவர் விரல் ஒன்றைத் தொடுவதற்குள் அடுத்தடுத்து நாலைந்து போய்விடும். சிவப்பு, சிவப்பு, எப்போதாவது ஒரு மஞ்சள். பாட்டு முடிந்ததும், "இன்னொரு தடவை" என்பார். பிறகு அதையும் சொல்லாமல் விரலை மட்டும் ஆட்டுவார். பிறகு அதுவும் இல்லை.

"வேற கட்டம் தொடட்டுமாங்க? ரெண்டுன்னு ஒண்ணு இருக்கே" என்று கேட்டேன்.

"அது அரை நோட்டு. இதை விடச் சுலபம். இதுவே வரலன்னா அதுக்கும் கீழ இறங்கணுமா நான்?"

எனக்கு என்ன தெரியும். கை சரியாக வேண்டும் என்று மட்டும் கடவுளிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் கவலை கையைப் பற்றியதே இல்லை என்பது ஒருநாள் மத்தியானம்தான் தெரிந்தது. சட்டை மாட்டிவிட்டுக்கொண்டிருந்தேன். பொத்தானுக்கு வந்தபோது சொன்னார்.

"பாட்டு ஒழுங்காத்தான் கேக்குது. அடி எங்க விழுதுன்னு தெரியுது. ஆனா அந்த உருண்டை வேற வேகத்துல ஓடுது. மெஷின் தப்பு பண்ணாது. அது கால் நோட்டுன்னு போட்டுருக்கு."

"அப்படின்னா?"

"அப்படின்னா நான் அடின்னு நினைக்கிறது அடி இல்ல. மண்டைக்குள்ள எல்லாம் மெதுவாயிருச்சு. கை போனா போகுது. இது போயிருச்சே."

நான் பொத்தானைப் போட்டேன். அடுத்த பொத்தானையும் போட்டேன். கை என்றால் தேய்த்துவிடலாம், எண்ணெய் போடலாம், பிடித்துக்கொள்ளலாம். அவர் சொன்ன இடத்துக்கு என் கை எப்படிப் போகும். அன்றைக்குக் கும்பிட உட்கார்ந்து, என்ன கேட்பது என்று தெரியாமலேயே எழுந்தேன்.

மாசக் கடைசிக்குச் சற்று முன்னால் தம்பி மகள் வந்து சேர்ந்தாள். வந்ததும் டேப்லெட்டை எட்டிப் பார்த்தாள். நாலாவது கட்டம், சிவப்பு மழை.

"மாமா, இன்னும் இதையா விளையாடுறீங்க? எனக்கே இதுல மூச்சு முட்டும்."

"கால் நோட்டு உனக்கு மூச்சு முட்டுதா?" என்றார் அவர், முகத்தைத் திருப்பாமல்.

"கால் நோட்டா? எது?"

திரையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு என் தையல் மேஜையிலிருந்து ஒரு நீளத் துண்டுத் துணியை உருவி, அவர் மடியில் விரித்தாள்.

"மாமா, உங்க பேண்ட்ல முழு நோட்டுன்னா இந்த முழுத் துணி. சரியா? இதை நாலா மடிக்கிறோம்." மடித்தாள். "இந்த ஒரு மடிப்பு?"

"கால் நோட்டு."

"ஒரு அடி. எங்க விளையாட்டுல கணக்கே இந்த மடிப்புலருந்துதான் ஆரம்பிக்கும். முழுத் துணி எங்களுக்குத் தெரியாது. ஒரு அடிதான் எங்களுக்கு ஒண்ணு. நாலுல ஒண்ணுன்னா அந்த ஒரு அடியை நாலாக் கிழிக்கிறது." மடிப்பை மறுபடி மடித்து மடித்து, விரல் அகலத்துக்குக் கொண்டுவந்தாள். "இதைத்தான் நீங்க இத்தனை நாளாத் தட்டிட்டு இருக்கீங்க. ஒரு அடிக்கு நாலு தட்டு."

"காலில் கால். வீசம், பதினாறுல ஒரு பங்கு" என்றேன் நான். சின்ன வயதில் சொன்ன வாய்ப்பாடு தானாக வந்தது.

அவர் அந்தச் சின்ன மடிப்பை இடது கையில் வாங்கிப் பார்த்தார். பிரித்தார். மறுபடி மடித்தார்.

"அப்போ எனக்குக் கேட்டதுதான் சரியா?"

"சரி மாமா."

"உருண்டைதான் நாலு மடங்கு ஓடிச்சு."

"ஆமா மாமா."

சிரித்தார். பிரஷ் விழுந்த நாளுக்குப் பிறகு அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர. "எவ புள்ளி வச்சான்னு கேளு. ஆளைக் கொல்லப் பார்த்திருக்கா" என்றார். அவளும் சிரித்தாள். நான் உள்ளே போய் முகத்தைக் கழுவிக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டு வந்தேன். யாருக்கு என்று அவர்கள் கேட்கவில்லை.

"முதல் கட்டத்தைப் போடு" என்றார்.

பாட்டு ஆரம்பித்தது. உருண்டைகள் இப்போது இடைவெளி விட்டு, நிதானமாக இறங்கின. அவர் வாய் "டக்" என்றது. உருண்டை கோட்டில் இருந்தது. விரல் அதற்குப் பிறகு இறங்கியது. மஞ்சள். "டக்." வாய் சரியான இடத்தில், விரல் பின்னால். மஞ்சள். "டக்." சிவப்பு. கொஞ்சம் முன்கூட்டியே கையை வீசிப் பார்த்தார். ஒரு தடவை முன்னே விழுந்தது, மறு தடவை பின்னே விழுந்தது. பாட்டு முடியும் வரை வாய் ஒரு இடம் தவறவில்லை. விரல் ஒரு இடம் பிடிக்கவில்லை.

 தம்பி மகள் மெல்ல, "மாமா, இதுக்கு ஒரு வழி இருக்கு. தாமதத்தைச் சரி பண்ற இடம் ஒண்ணு இருக்கு. உங்க கை எவ்வளவு பின்னால வருதோ, கணக்கை அவ்வளவு நகர்த்தி வச்சிரலாம். எல்லாரும் பண்றதுதான்" என்றாள். எதையோ தொட்டு நகர்த்தினாள். மறுபடி பாட்டு. தட்டினார். பச்சை. மஞ்சள். பச்சை. பச்சை.

அவர் கையை எடுத்துவிட்டார்.

"பேண்ட்ல முப்பது பேர் நடக்குறான். அவன் காலையும் நகர்த்துவியா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். நல்ல பெண். மாமாவுக்கு உதவ வேண்டும் என்று வந்தவள். பழையபடி மாற்றி வைத்துவிட்டு, என் கையைப் பிடித்து, "போயிட்டு வர்றேன் அத்தை" என்றாள். வாசல் வரை போய், திரும்பி வந்து அவர் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள்.

மாஸ்டர் வருகிற அன்று காலையில், டிரம்மைத் துடைக்கச் சொன்னார். போர்வையை எடுத்து, வளையம், திருகாணி, தோள்பட்டை வார் எல்லாம் துடைத்தேன். "வாரைச் சுருட்டி வை. தொங்க விட்டா விரிஞ்சிரும்" என்றார். அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

மாஸ்டர் உட்கார்ந்ததும் டிரம்மைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். "ஆரம்பிக்கலாமா?"

"கடிகாரம் ஓடுது மாஸ்டர். நல்லாவே ஓடுது. முள்ளுதான் நகரல."

மாஸ்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இன்னும் ஒரு மாசம் பொறுத்துப் பார்ப்போமே. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல" என்றார்.

"ஒரு அடி பிந்தினா எல்லார் காலும் பின்னும். உங்களுக்கே தெரியும். கடிதம் பிரிக்கிற அந்தத் தம்பி கிட்டக் கொடுங்க. இடது பக்கத் திருகாணி ஒண்ணு இளகிக்கிட்டே இருக்கும், பார்த்துக்கச் சொல்லுங்க."

குச்சிகளை மாஸ்டர் எடுக்கவில்லை. அவை இவருடைய சொந்தக் குச்சிகள். டிரம்மைத் தோளில் மாட்டிக்கொண்டு படி இறங்கும்போது அது எதிலோ மோதி ஒரு சத்தம் வந்தது. இவர் கண்ணை மூடித் திறந்தார்.

மூலையில் போர்வை மட்டும் கிடந்தது. அதை மடித்து உள்ளே வைத்தேன். திரும்பி வந்தபோது டேப்லெட்டைக் காட்டினார். முதல் கட்டத்தைத் தொடப் போனேன்.

"அது வேண்டாம். நாலுல ஒண்ணு போடு."

"அது முடியாததுன்னுதானேங்க சொன்னா, அவளுக்கே முடியாதுன்னு."

"அதான். அதுல தோத்தா ஏன்னு எவனும் கேக்கமாட்டான்."

தொட்டேன். பாட்டு ஆரம்பித்து, உருண்டைகள் கொட்டின. சிவப்பு, சிவப்பு, சிவப்பு. அவர் வாய் திறக்கவில்லை. விரல் மட்டும் தன் போக்கில் எழுந்து எழுந்து விழுந்தது. எனக்குத் தைத்து முடிக்க வேண்டிய பாவாடைகள் நிறைய இருந்தன. மிஷின் முன்னால் போய் உட்கார்ந்தேன். ஊசியில் நூல் கோத்தேன். துணியை வைத்தேன். மிதித்தால் அந்தத் தாளம் அவர் காதில் விழும். காலைத் தூக்கிப் பலகையில் வைக்காமல், அந்தப் பாட்டு முடியட்டும் என்று அப்படியே உட்கார்ந்திருந்தேன்.