சிலமலையில் ஒரு வாசல் விளக்கு

போடிக்காரர்களான நாங்கள் ஞாயிறானால் போடிமெட்டுக்குக் காரில் ஏறுவதே எங்கள் ஊரை மேலிருந்து பார்க்கத்தான். மலைச்சாலை வளைவொன்றில், மப்ளர் சுற்றிய ஒல்லியான மனிதர் ஒருவர் சோளக்கதிர் அவித்து விற்பார். கதிரை நீட்டும்போதே எந்த ஊர் என்று கேட்பார். சொன்னதும் கீழே கைநீட்டி அந்த ஊரைக் காட்டிவிடுவார்.

ஒரு மாலை, “உங்க வீடு எங்கண்ணே?” என்று கேட்டேன்.

“சிலமலை. பொழுது சாயவும் எம் பொஞ்சாதி வாசல் லைட்டப் போடுவா. இங்கயிருந்தே பாத்துக்கிருவேன்.”

“இன்னைக்குப் போட்டுட்டாங்களா?”

“அவ தவறி ரெண்டு வருசமாச்சு. இப்ப காலையில கெளம்பையிலயே நானே போட்டுட்டு வந்துர்றேன்.”

இருட்டிக்கொண்டு வந்தது. “அந்தா” என்று விரல் நீட்டினார். கீழே எங்கும் விளக்குகள். எதுவென்று தெரியாமலே, “தெரியுதுண்ணே” என்றேன்.