சித்தப்பா காலூன்றிய கல்

ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டு வாசற்படியை ஒட்டி, ஒரு சாண் உயரத்துக்கு ஒரு கருங்கல் கிடந்தது. சித்தப்பா காலையில் அதன் மேல் நின்றுதான் சைக்கிளில் ஏறுவார். சாயங்காலம் திரும்பி வந்து அதன் மேல்தான் காலை ஊன்றுவார். யாராவது அதில் உட்கார்ந்திருந்தால், இறங்க வழியில்லாமல் தெருவை இன்னொரு சுற்றுச் சுற்றிவிட்டு வருவார். நான் பாவாடையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பேன்.

அறுபதுகளின் தொடக்கம் அது. அவருக்குக் கோர்ட்டில் சம்மன் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை, அதுவும் தற்காலிகம். சம்மன் என்றாலே ஆட்கள் ஒளிந்துகொள்வார்கள். உள்ளே இருமல் சத்தம் கேட்கும்போதே, "அவரு மணப்பாறை சந்தைக்குப் போயிருக்காருங்க" என்று மனைவி சத்தியம் செய்வாள். தினமும் இதையே கேட்டுக் கேட்டு அவருக்கு உலகத்தில் ஒருத்தர் மேலும் நம்பிக்கை இல்லாமல் போயிற்று. பால்காரர் சிரித்தால்கூட, இன்றைக்குத் தண்ணீர் கூடுதல் என்பார். வேலை நிரந்தரமாக வேண்டுமானால் சொந்தச் சைக்கிள் வேண்டும் என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள்.

காந்தி மார்க்கெட் பக்கம் இருந்த சைக்கிள் கடைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். கடைக்காரர் பாய் அவரை மேலும் கீழும் பார்த்தார். "உங்களுக்கு இருபத்திரண்டு இஞ்சு ப்ரேம்தாங்க சரி. இருபத்திநாலுல கால் எட்டாது. வேணும்னா ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்க" என்றார். சித்தப்பா என் காதருகே குனிந்தார். "பாத்தியா, இருபத்திரண்டு வரிசையா தூசி படிஞ்சு நிக்குது. இருபத்திநாலு ரெண்டே ரெண்டுதான். விக்காத சரக்கை நம்ம தலையில கட்டப் பாக்குறான். ஓட்டிப் பாத்தா எடுத்துத்தான் ஆகணும்பான்." அடேயப்பா, என்ன மூளை என்று நானும் வியந்தேன். ஓட்டிப் பார்க்காமலே இருபத்திநாலை வாங்கினார். "இறங்குறப்ப சிரமப்படுவீங்க" என்று பாய் மறுபடி சொன்னார். இவ்வளவு அக்கறை எதற்கு என்று அதற்கும் ஒரு சந்தேகம்.

ஒற்றைக் காலால் உந்தி ஏறும் வித்தை அவருக்குக் கடைசிவரை வரவில்லை. அந்த உயரச் சைக்கிளைத் தெருமுனையில் பார்த்ததும், அவர் இறங்குவதற்குக் கல் தேடி முடிப்பதற்குள் ஆள் கொல்லைப்புறமாக ஓடிவிடுவான். மூன்று சம்மன்கள் இப்படித் திரும்பின. இன்னொன்று திரும்பினால் வேலைக்கு வர வேண்டாம் என்றார் அதிகாரி. சித்திக்கு அப்போது ஏழு மாதம்.

நாலாவது சம்மன் திருவெள்ளறைக்கு. அந்த ஆள் வாசலிலேயே நின்றிருக்கிறான். பக்கத்தில் ஒரு கல்லும் இல்லை. சித்தப்பா கொஞ்சமும் யோசிக்காமல் சைக்கிளோடு அப்படியே அவன் காலடியில் சாய்ந்துவிட்டாராம். அவன் பதறிப்போய்த் தூக்கியிருக்கிறான். தூக்கிய கையிலேயே சம்மனைத் திணித்து, "ஒரு கையெழுத்துப் போடுங்க" என்றாராம், முட்டி பெயர்ந்த நிலையில்! வேலை நிலைத்தது. இடது கால் மட்டும் பழையபடி நேராகவே இல்லை.

பிறகு இருபத்திரண்டுதான் வாங்கினார், ஆனால் வேறு கடையில். பாய் கடை இருந்த தெருவையே தவிர்த்துச் சுற்றிக்கொண்டு போவார். ஒருநாள் நானும் அவரோடு போனபோது காவேரிப் பாலத்தில் பாயே எதிரே வந்து, "கால் இப்ப எப்படிங்க இருக்கு?" என்று விசாரித்தார். சைக்கிளைப் பற்றி மூச்சுக்கூட விடவில்லை. "குத்திக் காட்டுறான்" என்று சித்தப்பா வீடு வரை புலம்பிக்கொண்டே வந்தார். எனக்கு ஆத்திரமாக வந்தது. நீங்க சொன்னதுதான் சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் வாயா வலிக்கும்? பாய் காலமாகும்வரை அவர் சொல்லவே இல்லை.

போன மாதம் நான் எலெக்ட்ரிக் சைக்கிள் வாங்கப் போனேன். எழுபது வயதில் எதற்கு என்று மகன் கேட்டான். மிதிக்கத்தான் தெம்பில்லை, சுற்றுகிற ஆசை போகவில்லையே! விற்பனையாளர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "உங்களுக்குச் சின்ன ப்ரேம்தாம்மா சரியா வரும்" என்றார். மூலையில் சின்ன ப்ரேம்கள் வரிசையாக நின்றன. மேலே தூசி. சித்தப்பாவின் ரத்தம் விடுமா? பெரியதைக் கேட்க வாயெடுத்தேன். அந்தக் கருங்கல் ஞாபகம் வந்தது. பேசாமல் சின்னதில் ஏறி உட்கார்ந்தேன். இரண்டு பாதமும் தரையில் நன்றாகப் பதிந்தன.

"நீங்க சொன்னதுதான் சரி, தம்பி" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"விலையில ஒண்ணும் குறைக்க முடியாதும்மா" என்றார்.