பன்னிரண்டே முக்கால் மணிப் பசி

சத்தம் வெளியே போகாமலிருக்க, பரசுராமன் தகர டப்பாவை வயிற்றோடு அணைத்துக்கொள்வார். மூச்சைப் பிடித்துக்கொண்டு கட்டை விரலால் மூடியின் விளிம்பை மெல்ல நெம்புவார். இத்தனை ஜாக்கிரதைக்கும் கடைசியில் 'டப்' என்று ஒரு சத்தம் வந்தே தீரும். அவர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒற்றைக்கல் சுவர்தான். அந்தச் சத்தம் கேட்டால் நான் கடிகாரம் பார்க்கவேண்டியதில்லை. மணி பன்னிரண்டே முக்கால்.

வறுத்த வேர்க்கடலை ஒரு பிடி, வர்க்கி இரண்டு, முறுக்கு இருந்தால் அதுவும். விளக்குப் போடமாட்டார், உட்காரவும் மாட்டார். முறுக்கைக் கடித்தால் மனைவி எழுந்துவிடுவார் என்று வாயிலேயே ஊறவைத்துத் தின்பார். தின்று முடித்தபின் கொல்லைக் கதவைத் திறந்து கொஞ்ச நேரம் மலையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அந்த வேளையில் மலை கண்ணுக்குத் தெரியாது. நட்சத்திரம் இல்லாத ஓர் இடம் வானத்தில் தெரியும், அவ்வளவுதான். பிறகு வந்து படுத்தால் விடியும்வரை அசையாத தூக்கம்.

பஸ் கண்டக்டர். நாற்பத்தொன்பது வயது. ஒரே பெண்ணைக் கட்டிக்கொடுத்தாகிவிட்டது; வீட்டில் கணவன் மனைவி இருவர்தான். தோல்பை தொங்கித் தொங்கி இடது தோள் ஒரு விரற்கடை இறங்கியிருக்கும். நின்றுகொண்டே தூங்கத் தெரிந்தவர்; ரேஷன் கடை வரிசையில் தூணில் இடுப்பைச் சாய்த்து அவர் தூங்குவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். கோயிலில் தரிசனத்துக்குப் போனாலும் கூட்டத்தைப் பார்த்ததும் வாய் சும்மா இருக்காது. "முன்னால போங்க, முன்னால போங்க, உள்ள எடம் ஜாஸ்தி கீது" என்பார். ஜனங்களும் நகர்ந்துவிடுவார்கள்.

இரவுச் சாப்பாட்டின் காரணத்தை அவரே ஒருநாள் சொன்னார். பதினேழு வருஷம் அவர் ஒரு தனியார் கம்பெனியின் பெங்களூர் ராத்திரி வண்டியில் இருந்தவர். பத்து மணிக்கு இங்கிருந்து எடுத்தால் செங்கம், சிங்காரப்பேட்டை, ஊத்தங்கரை. அதைத் தாண்டி ஒரு புளியமரத்தடி டீக்கடையில் வண்டி நிற்கும். ஜனங்கள் எல்லாரும் தூக்கத்தில் இருப்பார்கள். இவரும் டிரைவர் இருசப்பனும் மட்டும் இறங்கி, டீயும் வர்க்கியும் கடலையுமாகக் கால்மணி நேரம் பேசிக்கொண்டு நிற்பார்கள். மணி பன்னிரண்டே முக்கால். எழுபத்தொன்பதாம் வருஷம் இருசப்பனுக்குக் கண் மங்க, வேலையை விட்டுவிட்டுக் கீழ்பென்னாத்தூரில் தன் நிலத்தோடு இருந்துவிட்டார். வேறு டிரைவரோடு ராத்திரி ஓட இவருக்கு மனமில்லை. கேட்டு வாங்கிக்கொண்டு பகல் வண்டிக்கு மாறினார்.

"டூட்டி மாறிப்போச்சு சார். வயித்துக்கு யாரும் சொல்லல. அது டாண்ணு எழுந்து உக்காந்துக்குது" என்றார்.

போதாக்குறைக்கு, அறுப்பு முடிந்ததும் இருசப்பன் தன் நிலத்துக் கடலையில் ஒரு மூட்டை அனுப்பிவைப்பார்.

எண்பத்திரண்டாம் வருஷம் தை மாதத்தில் ஒரு சாயங்காலம் பரசுராமன் ஒரு காலில் மட்டும் செருப்போடு வீட்டுக்கு வந்தார். அவர் மனைவி பொன்னியம்மா வாசலிலேயே பார்த்துவிட்டார்.

"இன்னொரு செருப்பு எங்கங்க?"

பரசுராமன் குனிந்து தன் காலைப் பார்த்தார். செருப்பு எங்கே கழன்றது என்று அவருக்குத் தெரியவில்லை. பாதத்தைத் திருப்பிப் பார்த்தால் குதிகாலில் ஒரு லாட ஆணி ஏறியிருந்தது. அது குத்தியதும் அவருக்குத் தெரியவில்லை.

சர்க்கரை வியாதி. டாக்டர் மாத்திரை எழுதிக்கொடுத்துவிட்டு, ராத்திரியில் என்ன தின்கிறீர்கள் என்று கேட்டார். பொன்னியம்மாதான் ஒன்றுவிடாமல் சொன்னார். முறுக்கு வாயில் ஊறுவதுவரை அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அதை நிறுத்தாவிட்டால் இந்தக் காலுக்கு நான் பொறுப்பில்லை என்றார் டாக்டர்.

மறுநாள் கடலை, வர்க்கி, முறுக்கு இருந்த மூன்று தகர டப்பாக்களும் என் வீட்டுக்கு வந்துவிட்டன. "நீங்க வாத்தியாரு. ஒங்க வீட்ல இருந்தா அவுரு வரமாட்டாரு" என்றார் பொன்னியம்மா. நானும் பெருமையோடு வாங்கிப் பரணில் வைத்தேன்.

நான்கு நாள் ஒன்றுமில்லை. ஐந்தாம் நாள் இரவு என் கதவை விரல்நுனியால் யாரோ தட்டினார்கள். திறந்தால் பரசுராமன். உள்ளே வரவில்லை. நெற்றியெல்லாம் வேர்வை.

"சார், ஒரே ஒரு பிடி. வேற ஒண்ணும் வாணாம்."

மறுக்கத்தான் நினைத்தேன். ஒரு பெரிய மனிதர் நடுராத்திரியில் அப்படிக் கையேந்தி நிற்பதைப் பார்த்துக்கொண்டு நிற்க எனக்குத் தைரியமில்லை. கொடுத்தேன். காலையில் என் வாசற்படியில் கிடந்த கடலைத் தோலைப் பொன்னியம்மா பார்த்தார். டப்பாக்களைக் கேட்டு வாங்கினார். தெருக்கோடியில் வீடு கட்டிக்கொண்டிருந்த ஆட்களிடம் போய் அவ்வளவையும் கொட்டிவிட்டு, வெறும் டப்பாக்களோடு திரும்பி வந்தார். அன்று பூரா நான் அவர் முகத்தை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

அதற்கப்புறம் பரசுராமன் பட்ட பாடு எனக்குச் சுவர் வழியாகத்தான் தெரியும். ஒருநாள் பச்சரிசியை மெல்லும் சத்தம். ஒருநாள் சாமி மாடத்துப் பொட்டுக்கடலை. ஒருநாள் ஒன்றும் அகப்படாமல் குடம் குடமாகத் தண்ணீர் குடித்துவிட்டு விடியும்வரை நடந்துகொண்டே இருந்தார். பொன்னியம்மா ஒருமுறை அடங்கிய குரலில், "கால எடுத்துட்டாங்கன்னா வண்டியில எப்படிங்க நிப்பீங்க?" என்று கேட்டது காதில் விழுந்தது.

பங்குனிக் கடைசியில் அவர் கீழ்பென்னாத்தூருக்குப் புறப்பட்டார். இனிமேல் கடலை அனுப்பவேண்டாம் என்று இருசப்பனிடம் நேரில் சொல்லிவிட்டு வருவதாக ஏற்பாடு. பேச்சு வளர்ந்து கடைசி பஸ் போய்விட்டது. "கண்டக்டரே பஸ்ஸ வுட்டுட்டேன் சார்" என்று பிறகு என்னிடம் சிரித்தார். அங்கே நடந்ததை அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

களத்தில் கயிற்றுக் கட்டில் போட்டுப் படுத்தார். வழக்கம்போல் விழிப்பு வந்தது. பக்கத்துக் கட்டிலில் இருசப்பன் இல்லை. பார்த்தால், களத்தை ஒட்டிய கிணற்று மேட்டில் தனியாக உட்கார்ந்திருக்கிறார்.

"ண்ணா, தூங்கல?"

"எங்க தூங்கறது? மூணு வருசமா இந்த நேரத்துக்கு முழிப்பு வந்துடுது பரசு. எழுந்து இங்க வந்து உக்காந்துக்கறது. வெள்ளி மொளைக்கற வரைக்கும்."

"ஒனக்குமா?"

"பின்ன ஒனக்கு மட்டுமா?"

இருவரும் பேச ஆரம்பித்தார்கள். செங்கம் வரைக்கும் வலப்பக்கம் கூடவே வந்த நிலா, ஒரு திருப்பத்தில் இடப்பக்கம் மாறிக்கொள்ளும். சிங்காரப்பேட்டைக் காட்டில் மூடுபனி இறங்கினால் ரோடே தெரியாமல், வண்டி பாலில் மிதந்து போகிற மாதிரி இருக்கும். தாலி கட்டப்போகிற மாப்பிள்ளை ஒருவன் தூங்கிப்போய், இறங்கவேண்டிய ஊரைத் தாண்டி எழுந்து அலறியது; அவனுக்காக இருபது மைல் வண்டியைத் திருப்பியது; வண்டியில் இருந்த ஒருவர்கூடக் கோபித்துக்கொள்ளாதது. சேவல் கூவிற்று. களம் வெளுத்தது. அப்போதுதான் பரசுராமன் தான் உட்கார்ந்திருந்த இடத்தைக் கவனித்தார். முந்தின நாள் பறித்துக் காயப்போட்டிருந்த கடலைக் குவியல், இடுப்பு உயரத்துக்கு, கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அவர் கை அதன் பக்கம் போகவே இல்லை.

இதை ஊருக்கு வந்ததும் பொன்னியம்மாவிடம் சொன்னார்.

"ராத்திரி பூரா அப்படி இன்னா பேசுனீங்க?"

"ரோட்டப் பத்திதான்."

பொன்னியம்மா கையிலிருந்த கீரைக்கட்டை ஆய்ந்து முடித்தார். பிறகு, "எங்கிட்ட சொன்னா ஆவாதா?" என்றார்.

அன்று இரவு பன்னிரண்டே முக்காலுக்கு எனக்கு விழிப்பு வந்தது. டப்பா இல்லை, நடை இல்லை. சுவருக்கு அந்தப்பக்கம் ஒரு பேச்சுக்குரல், தூரத்தில் போகும் வண்டிபோல ஒரே சீராக. நடுவில் பொன்னியம்மா, "அப்புறம்?" என்று கேட்டார். அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டே நான் தூங்கிப்போனேன். ஊத்தங்கரைக்கு நான் போனதே இல்லை. கனவில் மட்டும் அந்தப் புளியமரத்தடியில் ஓரிரு தடவை இறங்கியிருக்கிறேன்.

சில இரவுகளில் பசி ஜெயித்தது. இரண்டு முறை சாமி மாடம் காலியாயிற்று. ஆனாலும் சித்திரை, வைகாசி என்று நாட்கள் தள்ளிக்கொண்டே போயின. ஆனி மாதத்தில் டாக்டர் குதிகாலில் ஊசி முனையால் தொட்டபோது பரசுராமன் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். "சுருக்குன்னுது சார்!" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். ஆணி குத்திய புண் ஆறித் தழும்பாகியிருந்தது.

அந்த வாரத்தில் ஒருநாள் ராத்திரி கரண்ட் போய்விட்டது. புழுக்கம் தாங்காமல் இரண்டு வீட்டாரும் பாயைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டோம். ஊர் முழுக்க இருட்டு. காற்று மலைப் பக்கமிருந்து காய்ந்த புல் வாசனையோடு வந்தது. நான் படுத்துக் கிடந்தேனே தவிரத் தூங்கவில்லை.

பரசுராமன் மல்லாந்து படுத்துக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு இடத்தில் அவருக்கே சொல்ல ஒன்றும் இல்லாமல் போயிற்று.

"பொன்னி, நான் ராத்திரி வண்டியில போனப்ப, அந்த நேரத்துல இங்க நீ இன்னா பண்ணிக்கினு இருப்ப?"

பொன்னியம்மா பாயில் புரண்டு படுத்தார்.

"நான் இன்னா பண்ணுவேன். பாப்பாவ தூங்க வெச்சுட்டு தாப்பா போட்டுக்குவேன். செங்கம் ரோட்டுல எதுனா வண்டி சத்தம் கேட்டா எழுந்து உக்காந்துக்குவேன். மழை பேஞ்சா அன்னிக்கித் தூக்கமே கெடையாது. பதினேழு வருசமும் அப்பிடித்தான்." சட்டென்று நிறுத்திக்கொண்டார். "உங்களுக்குத் தூக்கம் வருதா?"

பரசுராமன் எழுந்தார். தலையணையை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு, பொன்னியம்மாவின் முகத்துக்கு நேரே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார்.